கைப்பிடி சொல்லும் வயது

என் பெரியப்பா மும்பை தாராவியில் தோல் கிடங்கு ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். பதனிட்ட ஈரத்தோலை இழுத்து விரித்து, சுருங்காதபடி பலகையில் சுற்றிலும் ஆணி அடிக்கிற வேலை. ஈரம் குடித்த எருமைத்தோலின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சிறு வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு 90 அடி ரோட்டில் நடந்தால் என் விரல்கள் கன்றிப்போகும். அதே கை, 58 வயதில், ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருக முடியாமல் பெரியம்மாவிடம் நீட்டியது. "வயசாயிட்டுல்லா" என்றார் பெரியப்பா. பெரியம்மாவும் மறுபேச்சில்லாமல் வாங்கித் திறந்து கொடுத்தார். 58 ஒரு வயதா என்று அந்த ஒற்றையறைக் கோலியில் இருந்த யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, எனக்கும்தான். இப்போது நான் அந்த வயதைக் கடந்துவிட்டேன். என் கை இன்னும் மூடியைத் திறக்கிறது. நான் பார்த்தது மேஜை வேலை. அந்த மேஜை, அவர் கட்டிய பள்ளிக் கட்டணத்தில் கிடைத்தது.

கைப்பிடியின் வலுவை மருத்துவ உலகம் இன்று சிறிய விஷயமாக நினைப்பதில்லை. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரைப் பின்தொடர்ந்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2015-ல் லான்செட் இதழில் வெளியானது. பிடியின் வலு 5 கிலோ குறைந்தால் இறக்கும் அபாயம் 16 சதவீதம் கூடுகிறது என்றது அது. அடுத்த சில ஆண்டுகளில் யார் இறக்கக்கூடும் என்பதை, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைக் காட்டிலும் பிடியின் வலு தெளிவாகக் காட்டியது. தசை, நரம்பு, சத்துணவு, உடலுக்குள் ஓயாமல் புகையும் அழற்சி எல்லாவற்றின் கணக்கும் அந்த ஒரு பிடியில் கூடி நிற்கிறது.

இந்தப் பிடியை நாடு முழுவதும் அளந்தவர்கள் எங்கள் செம்பூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில், தேவ்னாரில், 1956-ல் தொடங்கிய மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் இருக்கிறது, ஐ.ஐ.பி.எஸ். என்பார்கள். ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியோடும் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து 2017-18-ல் அவர்கள் நடத்திய ஆய்வு 'லாசி' எனப்படும் இந்திய முதுமை ஆய்வு. 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைகளுமாக 72,250 பேரின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். கருவியைக் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார்கள், நடக்கவிட்டு வேகத்தைப் பார்த்தார்கள், விரல்நுனி ரத்தத்தைத் தாளில் ஒற்றி எடுத்தார்கள். 2021 ஜனவரியில் முடிவுகள் வந்தன. 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோ ஒரு நாள்பட்ட நோய், 40 பேருக்கு ஏதோ ஒரு உடல் இயலாமை, 20 பேருக்கு மனநலச் சிக்கல். உலகில் முதுமையைப் பற்றி நடந்த மிகப் பெரிய ஆய்வுகளில் இது ஒன்று. தாராவியிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில்தான் இதன் தலைமையகம். ஆனால் தாராவியின் எந்தச் சந்திலும் இந்த ஆய்வைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

பிறந்த தேதி காட்டும் வயது ஒன்று. செல் காட்டும் வயது வேறொன்று. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டியதில்லை. வசதியான தெருவில் செல்லின் வயது பின்தங்கி மெல்ல வருகிறது. தாராவியில் அது முந்திக்கொண்டு ஓடுகிறது. இந்த இடைவெளி மாத்திரை வாங்கிக் குறைக்கிற ஒன்றல்ல, நகரத்தை நடத்துகிறவர்கள் குறைக்க வேண்டியது என்பதே என் வாதம். அதற்கு, செல் எப்படி மூப்படைகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

நம் செல்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரியும் என்றுதான் அறிவியலாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். 1961-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லியோனார்டு ஹேஃப்ளிக் அந்த நம்பிக்கையை உடைத்தார். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த மனிதச் செல்கள் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிட்டன. சாகவில்லை, பிரிவதை மட்டும் நிறுத்திக்கொண்டன. எண்ணிக்கை எங்கே பதிவாகிறது என்ற கேள்விக்குக் குரோமோசோமின் நுனியில் விடை இருந்தது. பத்தமடைப் பாய் பார்த்திருப்பீர்கள். கோரை பிரிந்து போகாமலிருக்க அதன் ஓரத்தை மடித்துத் தைத்திருப்பார்கள். குரோமோசோமுக்கு அப்படிப்பட்ட ஓரத்தையல்தான் டெலோமியர். ஒவ்வொரு பிரிவிலும் அதில் கொஞ்சம் உதிர்கிறது. ஓரம் தேய்ந்து பாய் பிரியும் நிலை வந்ததும் செல் தன்னை நிறுத்திக்கொள்கிறது. இந்த ஓரத்தையும் அதைத் திரும்பத் தைக்கும் டெலோமரேஸ் என்ற நொதியையும் கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

பிளாக்பர்னின் ஆய்வுகளில் நோபல் மேடையை விட என் மனதில் நிற்பது 2004-ல் எலிசா எபெல் என்ற உளவியலாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட சிறிய ஆய்வு. 58 தாய்மார்கள், அவர்களில் பெரும்பாலோர் நாள்பட்ட நோயுள்ள குழந்தையை வளர்ப்பவர்கள். மன அழுத்தத்தை மிக அதிகமாக உணர்ந்த பெண்களின் டெலோமியர்கள், அழுத்தம் குறைவாக உணர்ந்தவர்களுடையதை விடக் குறைந்தது பத்தாண்டு முதுமை கூடியது போலத் தேய்ந்திருந்தன. கவலை தலைமயிரில் மட்டும் தங்குவதில்லை, செல்லின் ஓரத்தையலையும் தேய்க்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குப் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும் பெண்ணையும், தண்ணீர் வரும் நேரத்துக்காகத் தூக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும் பெண்ணையும் எனக்குத் தெரியும். அவர்கள் டெலோமியரை யாரும் அளக்கவில்லை.

டெலோமியரை ஒரே கடிகாரமாக எடுத்துக்கொள்வதும் தவறு. அது மிக நீளமாக இருப்பவர்களுக்குச் சில புற்றுநோய்களின் அபாயம் கூடுதல். மூப்புக்குப் பல வழிகள் உண்டு. 2013-ல் ஒரு முக்கியக் கட்டுரை ஒன்பது அடையாளங்களை எண்ணியது. 2023-ல் அதே ஆசிரியர்கள் பன்னிரண்டாக்கினார்கள். அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டையும் தாராவிக்காரர்களுக்கு விளக்குவது எளிது.

முதலாவது, நின்றுபோன செல்களின் நடத்தை. அவை ஓய்வெடுத்தபடி சும்மா இருப்பதில்லை. சுற்றிலும் அழற்சி வேதிப்பொருள்களைக் கக்குகின்றன. கூடையில் ஒரு தக்காளி அழுகினால் பக்கத்துத் தக்காளிகள் என்ன ஆகும்? அதேதான். இளமையில் உடலின் காவல் செல்கள் அவற்றை அப்புறப்படுத்திவிடும். முதுமையில் அவை தேங்கும். 2011-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வர்கள், சீக்கிரமே மூப்படையும்படி உருவாக்கப்பட்ட எலிகளிலிருந்து இத்தகைய செல்களை மட்டும் நீக்கிக் காட்டினார்கள். தசை தளர்வதும் கண்புரை வருவதும் தள்ளிப்போயின.

இரண்டாவது, செல்லின் குப்பை வேலை. தாராவியின் 13-ஆம் காம்பவுண்டு தெரியும்தானே? மும்பை தூக்கி எறிகிற பிளாஸ்டிக், டப்பா, அட்டை எல்லாம் அங்கே வந்து தரம் பிரிந்து, நொறுங்கி, உருகி, மறுபடி சரக்காகப் போகிறது. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு 13-ஆம் காம்பவுண்டு இருக்கிறது. கெட்டுப்போன புரதம், பழுதான மைட்டோகாண்ட்ரியா இவற்றைச் சுற்றி வளைத்து, உடைத்து, உதிரியாக்கி மறுபடி பயன்படுத்துகிறது. தன்னைத்தானே தின்னுதல் என்ற பொருளில் இதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். ஈஸ்ட் செல்லில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசூமிக்கு 2016-ல் நோபல் கிடைத்தது. சாப்பாடு தாராளமாக வரும்போது செல் கட்டட வேலையில் இறங்கும், குப்பை வேலையைத் தள்ளிப்போடும். வரத்து குறையும்போது குப்பை வேலை முடுக்கிவிடப்படும். இரண்டுக்கும் நடுவே மேஸ்திரி போல உட்கார்ந்திருப்பது எம்டார் என்ற புரதம். வயதாக ஆக அந்தக் குப்பை வேலை மந்தமாகிறது. செல்லுக்குள் சாக்கடை அடைத்துக்கொள்கிறது.

இந்த மேஸ்திரியைக் கட்டுப்படுத்தும் மருந்து நம்மைப் போன்ற ஒருவரின் பிடிவாதத்தால் பிழைத்தது. பசிபிக் நடுவே ஈஸ்டர் தீவிலிருந்து 1960-களில் எடுத்துவந்த மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து, பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகல், மான்ட்ரியலில் ஒரு மருந்து நிறுவன ஆய்வுக்கூடத்தில் ராபமைசினைப் பிரித்தெடுத்தார். 1980-களில் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, அழித்துவிட வேண்டிய மாதிரியை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். பின்னாளில் அது சிறுநீரக மாற்று நோயாளிகளின் மருந்தாயிற்று. சேகல் 2003-ல் காலமானார். 2009-ல், நம் கணக்கில் நடுவயது கடந்த எலிகளுக்கு அதைக் கொடுத்தபோதும் அவற்றின் ஆயுள் நீண்டது. எலிக்கு நீண்டது உண்மை. மனிதருக்கு நீளும் என்பதற்கு இதுவரை சான்று இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. எலிக்கும் மனிதருக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தில் ஒரு பெரிய வியாபாரம் கடை போட்டிருக்கிறது. இளமை மாத்திரை, இளமை ட்ரிப், செல்லின் வயதைச் சொல்லும் பரிசோதனை என்று மும்பையின் மேட்டுக்குடிப் பகுதிகளில் பணம் புரள்கிறது. வெங்கி ராமகிருஷ்ணன் 2024-ல் வெளியிட்ட 'நாம் ஏன் சாகிறோம்' என்ற பொருளுள்ள தலைப்புடைய புத்தகத்தில் ஆய்வையும் ஆரவாரத்தையும் பிரித்துக் காட்டப் பாடுபட்டிருக்கிறார். தமிழ் இளைஞர்கள் அதைப் படிக்க வேண்டும். சுதந்திரம் வந்தபோது 32-ஐ ஒட்டியிருந்த இந்தியரின் சராசரி ஆயுள் இன்று 70-ஐத் தொட்டிருக்கிறது. இந்தப் பாய்ச்சல் தடுப்பூசியிலும் குடிநீரிலும் பிரசவ ஆஸ்பத்திரியிலும் ரேஷன் அரிசியிலும் நடந்தது. செல் ஆராய்ச்சிக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

மாட்டுங்காவுக்கு வாருங்கள். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே இருப்பது சென்ட்ரல் லைன் தண்டவாளம்தான். கிழக்கே இறங்கினால் மரங்கள் கூடாரமிட்ட தெரு, பூக்கடை, ஃபில்டர் காபி மணம், மாலையில் ஐந்து தோட்டத்தில் கைவீசி நடக்கும் எண்பது வயதுக்காரர்கள். பக்கத்திலேயே தாதர் பார்சி காலனி. சமூக அளவில் இந்தியாவிலேயே முதியவர்கள் மிக அதிகம் உள்ள கூட்டங்களில் ஒன்று பார்சிகள். அவர்கள் ஆயுளுக்கு மரபணு காரணமா என்று ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆராயட்டும். எனக்கு அந்தத் தெருக்கள் பிறந்த கதைதான் பெரிதாகத் தெரிகிறது. 1896-ல் பம்பாயை பிளேக் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கடிக் குடியிருப்புகளில் மக்கள் செத்து விழுந்தார்கள். 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. அது வரைந்த தாதர் - மாட்டுங்கா திட்டத்தில் அகலத் தெருக்கள், உயரக் கட்டுப்பாடு, கட்டடத்துக்குக் கட்டடம் இடைவெளி, நடுவில் தோட்டங்கள் என்று எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டன. குமாஸ்தாவாக வந்த தென்னிந்தியர் அதில் வாடகைக்குக் குடியேறினர். 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே பிறந்தது.

அதே காலத்தில், அதே நகரம், தோல் பதனிடுதலைப் போன்ற நாறும் தொழில்களை ஊருக்கு வெளியே தாராவிச் சதுப்பில் கொண்டுபோய்த் தள்ளியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் அந்தச் சதுப்பைத் தங்கள் கையாலேயே மேடாக்கிக் குடிசை போட்டார்கள். இரு கரையிலும் தமிழர்கள், இரு கரையிலும் அரிசிச் சோறுதான். நூறு ஆண்டுக்கும் மேலாக ஒரு கரைக்குத் தோட்டம், மறுகரைக்குச் சுண்ணாம்புத் தொட்டி. மாட்டுங்கா முதியவருக்கும் குறை இல்லாமல் இல்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு அடைபட்டு, அமெரிக்காவிலிருக்கும் பிள்ளையின் போனுக்குக் காத்திருப்பவர்களை நான் அறிவேன். சுகரும் நெஞ்சுவலியும் அங்கேயும் உண்டு. ஆனால் அவை அவரை 70-ல் பிடிக்கின்றன. என் பெரியப்பாவை 50-ல் பிடித்தன.

செம்பூர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. செட்டா நகரில் முருகன் கோயில், ஃபைன் ஆர்ட்ஸில் கச்சேரி. கிழக்கே மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளின் பட்டியல் போட்டபோது செம்பூர் அதில் இருந்தது. காற்றிலுள்ள நுண்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து, செல்லுக்குள் ஆக்சிஜன் அரிப்பை உண்டாக்கி, அழற்சியைக் கிளப்புகிறது. இத்தாலியின் மிலான் நகரில் போக்குவரத்துக் காவலர்களையும் அலுவலக ஊழியர்களையும் ஒப்பிட்ட ஆய்வில் காவலர்களின் டெலோமியர்கள் குட்டையாக இருந்தன. வெப்பமும் அப்படித்தான். 'லாசி'யில் பங்குபெற்ற அதே தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வர்கள் 2025-ல் அமெரிக்க முதியவர்களின் டி.என்.ஏ.வில் பதியும் வேதிக் குறிகளை வைத்து, வெக்கை நாட்கள் அதிகமுள்ள இடங்களில் வாழ்பவர்களின் உயிரியல் வயது கூடுதலாக ஓடுவதைக் காட்டினார்கள். மே மாதத்தில் தாராவியின் தகரக் கூரைக்குக் கீழ் மத்தியானம் படுத்தவர்களுக்கு இதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லட்டும். ஏனென்றால் கோப்பில் ஏறுவது அவர்கள் சொல்வதுதான்.

இன்னும் முன்னால் போக வேண்டும், கருப்பைக்கு. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரியின் மருத்துவர் ரஞ்சன் யாஜ்னிக் 1990-களிலிருந்து கிராமத்துத் தாய்மாரைப் பின்தொடர்ந்து ஒன்றைக் கண்டார். நம் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன. அந்த மெலிந்த உடம்பிலும் தசையும் உறுப்புகளும் குறைந்து, கொழுப்பு மட்டும் காப்பாற்றப்படுகிறது. மெலிந்த தோற்றம், உள்ளே கொழுப்பு. நாற்பதில் வரும் சர்க்கரை நோய்க்கு விதை அங்கேயே விழுகிறது. 2004-ல் லான்செட்டில் அவர் தன்னையும் ஜான் யட்கின் என்ற ஆங்கிலேய மருத்துவரையும் பக்கத்தில் நிறுத்திப் படம் போட்டார். இருவருக்கும் ஒரே உடல்நிறைக் குறியீடு, 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9 சதவீதம், இவருக்கு 21.

இதைத் தடுக்க முடியுமா என்று பார்த்தது மும்பைச் சேரிகளிலேயே நடந்த ஒரு சோதனை. 2006 முதல் 2012 வரை, மருத்துவர் ரமேஷ் போத்தார், பிரிட்டனின் கரோலின் ஃபால் ஆகியோர் தலைமையில் 6,500-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த ஒரு தின்பண்டம். மற்றவர்களுக்குச் சத்துக் குறைந்த காய்கறியில் செய்தது. கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே சாப்பிடத் தொடங்கிய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. கர்ப்ப காலச் சர்க்கரை நோய் 12.4 சதவீதத்திலிருந்து 7.3 ஆகக் குறைந்தது. ஒரு சமோசா அளவுத் தின்பண்டம் செய்த வேலை இது. 48 கிராம் சிறிய எண்தான். சர்க்கரை நோய் குறைந்த அளவு சிறியதல்ல. கர்ப்பம் உறுதியான பிறகு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கத் தொடங்கும் நம் திட்டங்கள் இதைப் படித்திருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி ஊரிலிருந்து தாராவிக்கு வரும் பெண்ணின் தட்டில் கீரையும் முட்டையும் விழ வைப்பதுதான் என் கணக்கில் இந்த நகரத்தின் முதல் முதுமைத் திட்டம்.

நடுவயதுக்கு என்ன செய்வது? அதற்கும் வழி தெரிந்தே இருக்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் ரத்தக்குழாயின் மூப்பு தள்ளிப்போகும். மாத்திரைகள் பழையவை, மலிவானவை. மெட்ஃபார்மினுக்கே மூப்பைத் தள்ளிப்போடும் குணம் உண்டா என்று சோதிக்க அமெரிக்காவில் நிர் பார்சிலாய் பல ஆண்டுகளாகப் பெரிய ஆய்வொன்றுக்கு முயல்கிறார். அந்த விடைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சர்க்கரை உள்ளவருக்கு அது ஒழுங்காகக் கிடைத்தாலே போதும். கிடைக்காததற்குக் காரணம், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும் என்பது. என் பெரியப்பா பிரஷர் மாத்திரையைப் பண்டிகைக்குப் பண்டிகை சாப்பிட்டவர். தலை சுற்றினால் போடுவார், நின்றால் நிறுத்துவார். அறுபது முடிவதற்குள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்று நாடுகளின் கிராமங்களில் நடந்த 'கோப்ரா' ஆய்வு 2020-ல் வெளியானது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய் அழுத்தம் பார்த்து, பேசி, மருத்துவரிடம் அனுப்பிவைத்த ஊர்களில் மேல் எண், மற்ற ஊர்களைவிட 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. தமிழ்நாடு 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இதையே மாநிலம் முழுக்கச் செய்கிறது. 2024-ல் அதற்கு ஐ.நா. விருது கிடைத்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு வேதனை உண்டு. நாங்குநேரியில் இருக்கும் அத்தைக்கு மாத்திரை வாசலுக்கு வருகிறது. அவரைவிடப் பத்து வயது இளைய தம்பி தாராவியில் மாத்திரை இல்லாமல் தையல் மெஷினில் குனிந்திருக்கிறார்.

தாராவியில் வாசல் வாசலாகப் போவது நடக்காத காரியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரல் 1-ல் இங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடிய இடத்தில் ஆறு லட்சத்துக்குக் குறையாத மக்கள்; நூறு பேருக்கு மேல் ஒரே கழிப்பறையைப் பகிர்ந்த நாட்கள். மாநகராட்சி ஊழியர்களும் இங்கேயே கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்களும் சந்து சந்தாக நுழைந்து காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்தார்கள். ஜூலை 10 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அதே சந்து, அதே வாசல். விரலில் மாட்டிய கருவிக்குப் பதில் கையில் சுற்றும் பிரஷர் பட்டையோடு, மாதம் ஒருமுறை. கூடவே பிடியின் வலுவை அளக்கும் கருவி ஒன்று, பெரிய விலையில்லை. 45 வயதில் யாருடைய பிடி சட்டென்று தளர்கிறதோ அவரை அடையாளம் கண்டு முட்டையோ பருப்போ மருந்தோ தேவையானதைச் சேர்ப்பிக்கலாம். மாநகராட்சி 2022-ல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' கிளினிக் மாலையிலும் திறந்திருக்கிறது. நல்ல தொடக்கம். அது வாசலைத் தாண்டி வெளியே வர வேண்டும். 70 வயதானவர்களுக்கு 5 லட்ச ரூபாய் சிகிச்சைக் காப்பீடு என்று மத்திய அரசு 2024-ல் ஆயுஷ்மான் திட்டத்தை விரித்தது, அதுவும் நல்லதே. என் பெரியப்பாவின் கூட்டாளிகளில் 70-ஐ எட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்போது தாராவி இடிந்து புதிதாக எழப் போகிறது. தகுதி பெற்றவர்களுக்கு 350 சதுர அடி வீடு அங்கேயே. தகுதி இல்லை எனப்படுபவர்களுக்கு வேறிடம். அந்த வேறிடங்களில் ஒன்றாக, தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் சுமார் 124 ஏக்கரை மாநில அரசு 2024-ல் ஒதுக்கியது. 1927 முதல் மும்பையின் குப்பை குவிந்து வரும் இடம் அது. 2009-ன் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்த எம்-கிழக்கு வார்டு அது. கட்டடம் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் அதே வார்டிலுள்ள லல்லுபாய் காம்பவுண்டுக்கும் நட்வர் பாரேக் காலனிக்கும் போய்ப் பார்க்கட்டும். திட்டங்களுக்காக அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்திய அடுக்குமாடிகள் அவை. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே சில இடங்களில் மூன்று மீட்டர்தான். மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து வீடு வீடாக ஆராய்ந்தபோது, வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதலாக இருந்தது தெரிந்தது. பிளேக்குக்குப் பயந்து மாட்டுங்காவில் விட்ட இடைவெளியை, நூறு ஆண்டு கழித்து ஏழைகளுக்குக் கட்டும்போது விடவில்லை. புதிய தாராவியின் வரைபடத்தில் கட்டடங்களின் இடைவெளி எத்தனை மீட்டர், கீழ்த்தள ஜன்னலில் வெயில் எத்தனை மணி நேரம், கைதாங்கி நடக்க எத்தனை அடி நிழல் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எத்தனை கோடி, எத்தனை மாடி என்ற எண்களோடு இவையும் அச்சாக வேண்டும். எங்கள் செல்களின் வயது இந்த மீட்டர்களில் இருக்கிறது.

போன மாதம் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதை நெருங்குகிறார். கோலியின் கதவில் சர்வே எண் எழுதியிருந்தது. காகிதங்களைக் காட்டினார்; தகுதிப் பட்டியலில் பெயர் வரும் என்றுதான் தோன்றியது. அவருக்கு அதில் அக்கறை இல்லை.

"எத்தனையாவது மாடில குடுப்பாவ?" என்றார்.

தெரியாது என்றேன்.

"இங்க வாசப்படி ரெண்டு. இறங்கினா எசக்கி வீடு, அங்கன கோயிலு. தினம் நாலு தரம் போய்ட்டு வாரேன். இருவதாவது மாடின்னா, லிஃப்ட் நின்னுபோச்சுன்னா, நான் எப்படிய்யா கீழ வருவேன்?"

பேசிக்கொண்டே எழுந்தார். அலமாரியிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து, புடவைத் தலைப்பால் மூடியைப் பிடித்து, ஒரே திருகில் திறந்து என் தட்டில் வைத்தார்.